திக்குவாய்க்கு மாத்திரை: எது எவ்வளவு வேலை செய்கிறது

திக்குவாய்க்கென்றே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் பெற்ற மாத்திரை ஒன்றுகூட இல்லை. மருத்துவர்கள் எழுதித் தருவதெல்லாம் மனச்சிதைவு, பதற்றம், வலிப்பு, ரத்த அழுத்தம் என்று வேறு எதற்கோ வந்த மருந்துகள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் திக்கலுக்கு என்று ஒரு வரியும் இருக்காது. ஆகவே அந்தத் தாளை வைத்து இவற்றை மதிப்பிட முடியாது. பேச்சில் என்ன மாறுகிறது, உடம்பில் என்ன மாறுகிறது என்று இரண்டையும் தட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பல மருந்துகளில் இரண்டாவது தட்டுதான் தாழ்கிறது என்பது எங்கள் கணிப்பு. ஆனாலும் சிலருக்குப் பலன் தருகிறது. யாருக்கு, எந்த அளவில், எவ்வளவு காலம் என்பதுதான் இங்கே பேச்சு.

சிறுவயதில் தொடங்கி, பெரியவரான பிறகும் தொடரும் திக்கலுக்கு மட்டுமே இந்த மதிப்பீடு பொருந்தும். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் திக்கத் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது விலகிவிடும்; அந்த வயதில் இந்த மாத்திரைகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நாற்பது வயதில் திடீரென்று திக்க ஆரம்பித்தால் அது வேறு விவகாரம்: பக்கவாதமா, தலையில் அடியா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. சில மருந்துகளே திக்கலை வரவழைக்கும். மனச்சிதைவுக்கான க்ளோசபின், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் இரண்டும் இதில் பேர்போனவை. புதிய மாத்திரை கேட்பதற்கு முன் இப்போது விழுங்கும் மாத்திரைகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டுவது செலவில்லாத முதல் படி.

மாத்திரைக்கு முன் எண்ணிக்கை

திக்கல் தானாகவே ஏறி இறங்கும். ஒரு வாரம் நாக்கு சொன்னபடி கேட்கும். அடுத்த வாரம் சொந்தப் பெயரே வெளியே வராது. திக்கல் இறக்கத்தில் இருக்கும் வாரத்தில் மாத்திரை தொடங்கினால் 'வேலை செய்யவில்லை' என்பீர்கள், ஏற்றத்தில் தொடங்கினால் 'அற்புதம்' என்பீர்கள். மருந்து எதுவானாலும் இந்த ஏற்ற இறக்கம்தான் தீர்ப்பைக் கெடுக்கிறது. அதனால் மாத்திரைக்கு முன்பே இரண்டு மூன்று வாரம் பதிவு எடுத்து வையுங்கள்.

வாரத்துக்கு மூன்று பதிவு போதும்: தெரிந்தவருடன் ஐந்து நிமிட அரட்டை, ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு பக்க வாசிப்பு. ஒலிப்பதிவு மட்டும் போதாது, காணொளியாக எடுங்கள். சத்தமே இல்லாத அடைப்பு, தாடை இறுகுவது, கண் படபடப்பது, தலை வெட்டி இழுப்பது எல்லாம் ஒலியில் வெறும் மௌனமாகத்தான் பதியும். வாசிப்புக்கு ஒவ்வொரு முறையும் புதிய பக்கம் எடுக்க வேண்டும். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் மருந்தே இல்லாமல் திக்கல் குறைந்துகொண்டே போகும். ஐந்தாவது முறையில் பலருக்குப் பாதியாகிவிடும். அந்தக் குறைவைப் போய் மாத்திரையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

எண்ணும் முறையை, திக்கலின் கடுமையை அளக்கும் எஸ்எஸ்ஐ-4 போன்ற அளவுகோல்கள் வகுத்திருக்கின்றன. அடிப்படை, நூறு அசைக்கு எத்தனை திக்கல் என்பது. தமிழில் இதற்கு ஒரு வசதி உண்டு. எழுதிப் பார்த்துவிட்டு, புள்ளி வைத்த மெய்யெழுத்துகளைத் தள்ளி மீதியை எண்ணினால் ஏறக்குறைய அசைக் கணக்கு வந்துவிடும். 'நாளைக்கு வருகிறேன்' என்பதில் க், ன் போக மிச்சம் ஏழு. 'க-க-க-கதவு' என்று மூன்று முறை தடுக்கினாலும் அது ஒரு திக்கல்தான். 'ஸ்ஸ்ஸ்' என்று நீள்வதும், வாய் திறந்து குரல் வராமல் நிற்பதும் ஒவ்வொன்றும் ஒன்று. முழுச் சொற்றொடரை மறுபடி சொல்வதைச் சேர்க்க வேண்டாம். எல்லோரும் அப்படிப் பேசுவதுதான். 300 அசையில் 24 திக்கல் என்றால் 8 சதவீதம்.

'அது வந்து', 'என்னன்னா', 'நான் என்ன சொல்றேன்னா' போன்ற முட்டுக்கட்டைச் சொற்களைத் தனி வரிசையில் எண்ணுங்கள். அடைப்பு வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து அதைத் தள்ளிப்போடத்தான் பல நேரம் இவை வருகின்றன. திக்கல் 8-லிருந்து 5-க்கு இறங்கி, 'அது வந்து' மட்டும் நான்கிலிருந்து பதினைந்துக்கு ஏறியிருந்தால் மருந்து ஒன்றையும் சாதிக்கவில்லை. ஒளித்துப் பேசுவதில் நீங்கள்தான் தேர்ந்துவிட்டீர்கள். கூடவே நிமிடத்துக்கு எத்தனை அசை என்ற வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கம் தரும் மருந்துகள் பேச்சை மந்தமாக்கும், மெதுவாகப் பேசினால் யாருக்கும் திக்கல் குறையும். வேகம் விழுந்து திக்கலும் விழுந்திருந்தால் அந்தக் குறைவு மருந்தின் திறமை என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

எண்ணுபவர் வேறொருவராக இருப்பது நல்லது. எது மருந்துக்கு முன், எது பின் என்று தெரியாதபடி பதிவுகளைக் கலைத்துக் கொடுங்கள்.

டோபமைனை அடக்கும் மருந்துகள்

மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்க்லியா, அடுத்த அசையை எப்போது தொடங்குவது என்ற சைகையைத் தருகிறது. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருள் மிகுந்திருப்பதால் அந்தச் சைகை பிசகுகிறது என்பது ஒரு கருத்து. 1997-இல் திக்கிப் பேசும் சிலரின் மூளையை பெட் ஸ்கேனில் பார்த்தபோது டோபமைன் சார்ந்த செயல்பாடு கூடுதலாகத் தெரிந்தது. பார்க்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் டோபமைன் போய் ஒட்டும் டி2 ஏற்பிகளை அடைக்கும் மருந்துகள் மட்டும் திரும்பத் திரும்ப ஓரளவு பலன் காட்டுவதற்கு இந்த விளக்கம் ஒத்துப்போகிறது.

ஹாலோபெரிடால் இந்த வரிசையில் மூத்தது. திக்கலைக் குறைக்கிறது என்பதில் பெரிய சந்தேகமில்லை. ஆனால் குறைந்த பிறகும் அதைத் தொடர்ந்து சாப்பிட விரும்புகிறவர் அரிது. மருந்தைப் பற்றி இதைவிடப் பெரிய விமர்சனம் தேவையில்லை. மனம் மந்தமாகும், உடல் விறைக்கும், கால் ஓரிடத்தில் நிற்காது. இந்தக் கடைசி அறிகுறிக்குப் பெயர் அகதிசியா. உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது, உள்ளுக்குள் ஏதோ பிடுங்குவது போலிருக்கும். இதைப் பதற்றம் என்று தப்பாக எடுத்துக்கொண்டு அளவைக் கூட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் விபரீதம். கூட்டினால் அது இன்னும் ஏறும். பல மாதம், பல வருடம் சாப்பிட்டால் நாக்கும் உதடும் தானாக அசையும் டார்டிவ் டிஸ்கைனீசியா வரலாம். மருந்தை நிறுத்தினாலும் சிலருக்கு அது போவதில்லை. பேச்சைச் சரிசெய்யப் போய் நாக்கைக் கெடுத்துக்கொள்வதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இன்று இதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

ரிஸ்பெரிடோன் அடுத்த தலைமுறை. 2000-இல் வெளியான ஒரு சோதனையில் 16 பெரியவர்கள். எட்டுப் பேருக்கு மருந்து, எட்டுப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, ஆறு வாரம். இரவில் 0.5 மில்லிகிராமில் தொடங்கி அதிகபட்சம் 2 மில்லிகிராம் வரை. மருந்து எடுத்தவர்களுக்குத் திக்கல் தெளிவாகக் குறைந்தது. அதில் கவனிக்க வேண்டியது, பாதிக்கு மேற்பட்டோருக்கு 0.5 மில்லிகிராமிலேயே நல்ல பலன் கிடைத்தது. அளவைக் கூட்டியபோது அவர்களுக்குத் திக்கல் திரும்பி வந்தது. அளவைக் கூட்டினால் பலனும் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. 0.5-இல் நன்றாக இருப்பவரை 1-க்கு ஏற்றச் சொன்னால், ஏன் என்று மருத்துவரைக் கேட்கலாம்.

ரிஸ்பெரிடோனின் பெரிய குறை புரோலாக்டின். இந்த ஹார்மோன் ஏறினால் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், மார்பில் பால் கசியும். ஆண்களுக்குப் பாலுறவு நாட்டம் குறையும், சிலருக்கு மார்பு வீங்கும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பலர் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஓர் எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற விஷயம் இது. இன்னொரு பொறி: மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்ஸெட்டின் அல்லது பராக்ஸெட்டின் ஏற்கெனவே எடுப்பவரின் ரத்தத்தில் ரிஸ்பெரிடோன் எதிர்பார்த்ததைவிட அதிகம் தங்கும், ஏனென்றால் அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அவை தடுக்கின்றன. அரை மில்லிகிராம் என்று நினைத்து விழுங்குவது உடம்பில் அதைவிடக் கூடுதலாக வேலை செய்யும்.

ஓலன்ஸபின் 2004-இல் 12 வாரச் சோதனையில் 2.5 முதல் 5 மில்லிகிராம் வரை கொடுக்கப்பட்டது, வெற்று மாத்திரையைவிட நன்றாகவே செய்தது. புரோலாக்டின் தொல்லை இதில் குறைவு. ஆனால் பசி! சாப்பிட்டு எழுந்த அரை மணியில் மறுபடி வயிறு கேட்கும். எடை ஏறுகிறது, அதன் பின்னால் சர்க்கரையும் கொழுப்பும் ஏறுகின்றன. குடும்பத்தில் சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. புகைப்பவர்களுக்கு ஒரு விசேஷச் சிக்கல்: புகை, ஓலன்ஸபினைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடும். புகைத்துக்கொண்டே ஓர் அளவில் நிலைத்திருப்பவர் திடீரென்று சிகரெட்டை விட்டால் அதே மாத்திரை ரத்தத்தில் ஏறி, நாள் முழுக்கத் தூக்கத்தில் தள்ளும். புகையை விடுவது நல்ல காரியம். முன்னதாக மருத்துவரிடம் சொல்லிவிட்டு விடுங்கள்.

அரிபிப்ரசோல் டோபமைனை முழுதாக அடைக்காமல் பாதி தூண்டி, பாதி தடுக்கும். எடையும் புரோலாக்டினும் இதில் பெரும்பாலும் தொந்தரவு தராது. திக்கலுக்கு இதன் ஆதாரம் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் அளவில்தான் நிற்கிறது, அகதிசியாவும் வரும். இது உடம்பில் பாதியாகக் குறையவே மூன்று நாள் ஆகும். ரத்தத்தில் நிலைபெற இரண்டு வாரம். ஆகவே நான்காம் நாளில் 'ஒன்றும் தெரியவில்லை' என்று அளவைக் கூட்டுவது வீண். முயன்றே தீருவது என்று முடிவெடுத்தவருக்கு, இந்த வகுப்பில் நாங்கள் முதலில் பேசச் சொல்வது குறைந்த அளவு அரிபிப்ரசோல் அல்லது 0.5 மில்லிகிராம் ரிஸ்பெரிடோன் பற்றித்தான்.

பேகோக்ளோன் சொல்லும் கணக்கு

திக்கலுக்கென்றே பெரிய அளவில் சோதிக்கப்பட்டது பேகோக்ளோன். மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா ஏற்பிகளில் வேலை செய்வது, டோபமைன் தொல்லைகள் இல்லாதது. 132 பேர், எட்டு வாரம். 2010-இல் முடிவுகள் வெளியாயின. மருந்து எடுத்தவர்களுக்குத் திக்கல் 19.4 சதவீதம் குறைந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 5.1 சதவீதம். நம் கணக்கில் சொன்னால், 300 அசையில் 24 முறை திக்குபவர் மருந்தால் 19-க்கு வருவார். வெற்று மாத்திரையாலேயே 23-க்கு வந்திருப்பார். எண்களாகப் பார்த்தால் அது வெற்றி. எதிரில் நின்று கேட்பவருக்கு அந்த நான்கு வித்தியாசம் காதில் விழாது. இந்த மருந்து கடைக்கு வரவே இல்லை. டோபமைனின் இன்னொரு ஏற்பியான டி1-ஐத் தடுக்கும் எக்கோபிபாமும் திக்கலுக்கு என்று முயன்று பார்க்கப்பட்ட மருந்துதான், அதற்கும் இதில் ஒப்புதல் இல்லை. இவற்றை அனுப்பித் தருவதாக இணையத்தில் யாராவது சொன்னால் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

2006-இல், அதுவரை வந்த மருந்து ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்ட ஒரு மதிப்பீடு, எந்த மருந்தையும் திக்கலுக்குப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஆய்வுகள் சிறியவை, குறுகியவை, பல ஆய்வுகள் பேச்சை அளந்த விதமே சரியில்லை என்பதுதான் அதன் புகார்.

பதற்ற மருந்துகள்

பதற்றம் திக்கலைக் கூட்டும், ஆனால் பதற்றத்தால் திக்கல் பிறப்பதில்லை. இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் இந்த வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். புரோப்ரனலால் நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கும். அடைப்பு அப்படியே இருக்கும். நேர்காணல் நாளில் இதயம் தொண்டைக்கு வருவதுதான் உங்கள் பெரிய தொல்லை என்றால் கேட்டுப் பார்க்கலாம். ஆஸ்துமா இருப்பவர்கள் தொடவே கூடாது. முதல் மாத்திரையை நேர்காணல் அன்று போடாமல், வீட்டில் இருக்கும் ஒரு நாளில் போட்டுப் பாருங்கள். சிலருக்குத் தலை சுற்றும்.

க்ளோனசபம் போன்றவை சில நாள் இதமாக இருக்கும். பிறகு உடம்பு பழகிவிடும், அளவு கேட்கும், விட்டால் பழையதைவிட மோசமாகும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். திக்கலுக்காக இதைத் தினமும் விழுங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. செர்ட்ராலின் போன்றவை சமூகப் பதற்றத்துக்கு நல்ல மருந்துகள். திக்கிப் பேசும் பெரியவர்களில் அந்தப் பதற்றம் மிகுதி. அதற்காக எடுங்கள், திக்கல் எண்ணிக்கை குறையும் என்று காத்திருக்காதீர்கள்.

எடுப்பது என்று முடிவானால்

மனநல மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ மட்டும் போங்கள். வேறு ஒருவருக்கு எழுதிய சீட்டை வைத்து வாங்குவது இந்த மருந்துகளில் விளையாட்டு இல்லை. தொடங்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அளந்து எழுதி வையுங்கள். ரிஸ்பெரிடோன் என்றால் புரோலாக்டினும். இதயத் துடிப்பில் கோளாறு இருந்தவர்களுக்கு ஈசிஜி வேண்டும். எடையை 4, 8, 12 வாரங்களில் பார்க்க வேண்டும். சர்க்கரை, கொழுப்பை 12 வாரத்தில். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடும் காய்ச்சலோடு உடல் மரம்போல விறைத்து, நினைவு குழம்பினால் அது அவசர நிலை: மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. கழுத்தோ தாடையோ நாக்கோ திடீரென்று முறுக்கிக்கொண்டால் அதற்கும் அதே வேகம் வேண்டும்.

பேச்சுப் பயிற்சியை விட்டுவிட்டு மாத்திரைக்கு மாறுவது மோசமான பேரம். மாத்திரை அடைப்பைச் சற்றுத் தளர்த்தலாம், ஆனால் தொலைபேசியை எடுக்கும் துணிச்சலைத் தராது. எளிதான சொல்லாகத் தேடிப் பிடித்து மாற்றிப் பேசும் வழக்கம், பெயரைக் கேட்டால் அடையாள அட்டையை நீட்டும் வழக்கம் எல்லாம் திக்கல் குறைந்த பின்னும் தொடரும். மருந்து சற்று இடம் கொடுக்கும் அந்த வாரங்களில்தான் பயிற்சியாளரோடு இவற்றை உடைக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையெல்லாம் இல்லாத உதவி வேண்டும் என்பவர்களுக்கு, தன் குரலைச் சற்றுத் தாமதித்துக் காதில் திரும்பக் கேட்கவைக்கும் செயலிகள் உண்டு. 50 முதல் 100 மில்லிசெகண்ட் தாமதத்தில் தொடங்கலாம். ஒயர் உள்ள இயர்போன் வேண்டும். புளூடூத் தானே ஒரு தாமதத்தைச் சேர்க்கும், 50 என்று வைத்தது காதுக்கு 200 ஆகப் போய்ச் சேரும். சிலருக்கு உடனே வேலை செய்யும், சிலருக்குப் பழகப் பழகத் தேயும்.

மாத்திரைக்கு ஒரு கெடு வையுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் போதும். அதற்குள் கலைத்துப் போட்ட பதிவுகளில் திக்கல் மூன்றில் ஒரு பங்காவது குறையவில்லை என்றால், அல்லது பழைய பயத்தில் தவிர்த்துவந்த ஒரு காரியத்தைக்கூடச் செய்யத் தொடங்கவில்லை என்றால், நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது எங்கள் கோடு. வேண்டுமானால் உங்கள் கோட்டை நீங்களே போடுங்கள், ஆனால் முதல் மாத்திரைக்கு முன் எழுதிவிடுங்கள். ஒரே நாளில் விட்டுவிடாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். க்ளோனசபத்தைத் தினமும் எடுத்துவந்தவர் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். பலன் கிடைத்தவர்களுக்கு, மருந்து உடம்பை விட்டுப் போனதும் திக்கலும் பெரும்பாலும் திரும்பும். அதனால் நிறுத்தி ஒரு மாதம் கழித்து அதே மூன்று பதிவுகளை மறுபடி எடுங்கள். எண்ணிக்கை ஏறாமல் அப்படியே நின்றால், நீங்கள் மறுபடி வாங்க நினைத்த அந்த மாத்திரைக்கு அதில் பங்கு இல்லாமலே போயிருக்கலாம்.